நடுவாண்டில் தொடங்கிய கணக்கு

மாற்றல் உத்தரவு பள்ளி நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. கேரளத்தில் பள்ளிகள் ஜூன் திங்களில் திறக்கின்றன. யாம் திருவனந்தபுரம் வந்து சேர்ந்ததோ நவம்பரில். ஐந்து வயது மகளுக்கு மழலை வகுப்பில் இடம் கிட்டவில்லை. எனவே கணக்கை வீட்டிலேயே தொடங்கினோம்.

பாதி ஆண்டு கழிந்ததே என்றஞ்சிப் புத்தகத்தையும் பாதியிலிருந்து திறந்தது என் பிழை. நூறுவரை தடையின்றி ஒப்பித்த குழந்தை, ஏழு புளியங்கொட்டை கொண்டுவா என்றதும் கைநிறைய அள்ளி வந்தாள்!

தமிழ்நாட்டரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அப்போது நினைவுக்கு வந்தது. கொரோனாக் காலத்தில் தவறிய கல்வியை ஈடுசெய்ய எழுந்த அத்திட்டம், 1 முதல் 3 வகுப்புவரை பயிலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் நிலையறிந்து பிரித்தது. எம் மகள் அரும்பு. புத்தகத்தை மூடினேன்.

ஒரு வாரம் முழுதும் கொட்டைகளே பாடம். ஒரு கொட்டைக்கு ஒரு சொல். பரப்பினாலும் குவித்தாலும் ஏழு ஏழே என்பதை அவளே கண்டுகொண்டாள். பின்னர்ப் பத்துப்பத்தாகப் பிரித்து வைத்தோம். பதினொன்று என்னும் சொல்லிலேயே பத்தும் ஒன்றும் உள்ளன. ஆங்கில 'லெவன்' அதனைக் காட்டுவதில்லை. அண்டைவீட்டு மலையாளச் சிறுமியின் 'பதினொன்னு'வும் நமக்குத் துணையே. எண்பதுக்குப் பின் தொண்ணூறு என்று நூறு நுழைவானேன் என அவள் வினவ, அவள் தாய் சிரித்துவிட்டாள்.

வரும் ஜூனுக்குள் புத்தகம் முடியாது. கூட்டல் நேற்றுத்தான் தொடங்கியது, முதற் பக்கத்திலிருந்து.