ஊர்ச் செய்திக்கு யார் காவல்?

பத்திரிகை என்பது பல கைகள் கூடி ஆக்கும் பண்டம். நிருபர் கண்டதை எழுதுகிறார். உதவியாசிரியர் வெட்டியும் ஒட்டியும் திருத்துகிறார். ஆசிரியர் அதற்குப் பொறுப்பேற்கிறார். நிருவாகம் ஊதியம் வழங்குகிறது. வழக்கென்று வந்தால் சட்டத்தரணியையும் அமர்த்துகிறது. இத்தனை கைகளின் வேலையையும் ஒருவரே ஏற்று, கையிலுள்ள தொலைபேசியையே அச்சுக்கூடமாகக் கொண்டு, தம் பெயரால் இணையத்தில் செய்தி வெளியிடும் காலம் இது. பத்திரிகையிற் பல்லாண்டு உழைத்து வெளியேறியவர்கள் பலர் இன்று இவ்வழியிற் புகுந்துள்ளனர். நகரத்தில் இருப்போர்க்கு இது ஒரு தொழில் மாற்றம். வன்னியிலே, துணுக்காய் போன்ற ஓர் ஊரிலே, இதன் பொருள் வேறு.

துணுக்காய் முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் புறத்தில் உள்ளது. கண்டி வீதியிலுள்ள மாங்குளத்திலிருந்து மேற்கே மல்லாவி சென்று அதனை அடையவேண்டும். மாவட்டத்தின் கச்சேரியோ கிழக்குக் கடலோரத்தில் இருக்கிறது. வயலும் குளமும் காடும் சூழ்ந்த இவ்வூருக்கு ஒரு பிரதேச செயலகம் உண்டு. அதன் பெயரால் ஒரு கல்வி வலயமும் உண்டு. ஆயினும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அச்சாகும் நாளேடுகளில் இவ்வூருக்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு? யானை மிதித்து ஒருவர் இறந்தால் நாலு வரி. அமைச்சர் வந்து நாடா வெட்டினால் ஒரு படம். அயலிலே பாலியாற்றை மறித்து நிற்கும் வவுனிக்குளத்தில் சிறுபோகத்துக்கு நீர் போதுமா, வலயத்துப் பாடசாலையில் கணித ஆசிரியர் இருக்கிறாரா, வனத்திணைக்களத்தின் எல்லைக்கல் எவருடைய காணிக்குள் விழுந்தது என்பனவெல்லாம் பத்திரிகைக் கண்ணுக்குச் சிறியவை. அங்கு வாழ்பவனுக்கோ இவையே பெரியவை.

இதிற் பத்திரிகைகளை மட்டும் குறைகூறிப் பயனில்லை. ஊர் நிருபர்களில் மிகப் பலர் மாதச் சம்பளம் பெறுபவரல்லர். வெளியான செய்திக்கு இவ்வளவு என்று சிறுதொகை பெறுபவர்களே. எரிபொருட் செலவுக்கும் அது காணாது. ஆகவே அவர் வேறொரு தொழிலைச் செய்துகொண்டே எழுதுகிறார். இந்நிலையில் நிறுவனத்தை விட்டு வெளியேறுபவர் ஊதியமாக இழப்பது அதிகமன்று. அவர் உண்மையில் இழப்பவை மூன்று: வாயிலைத் திறக்கும் ஊடக அட்டை, பின்னால் நிற்கும் நிறுவனத்தின் பெயர், எழுதியதைத் திருத்தும் இன்னொரு கண்.

இவற்றுள் இரண்டாவது இழப்பு எத்தகையது என்பதை அண்மைக்கால வரலாறு காட்டும். நிறுவனத்தின் பெயர் உயிர்காக்கும் கவசம் அன்று என்பதும் மெய்யே. 2000 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் நிமலராஜன் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2006 மே 2 ஆம் நாள் 'உதயன்' அலுவலகத்தினுள்ளேயே ஊழியர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். எனினும், பத்திரிகைக்கு நேர்ந்த கொடுமைக்குச் சாட்சி கூற மறுநாளும் ஒரு பத்திரிகை வெளிவந்தது. தனித்து எழுதுபவர் மௌனமாக்கப்பட்டால் அந்த மௌனத்தைச் செய்தியாக்க ஆளில்லாமற் போகும்.

பத்திரிகைப் பத்தியாளராகப் பெயர்பெற்றுப் பின்னர் சொந்தமாக ஓர் இணையத்தளத்தை நடத்திய ஜெ. எஸ். திசைநாயகத்தை நினைவுகூர்க. 2008 மார்ச்சிற் கைதான அவருக்கு, எழுதிய கட்டுரைகளுக்காகவே, 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின்கீழ் 2009 ஆகஸ்டில் 20 ஆண்டு கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. 2010 ஜனவரியிற் பிணையும், அவ்வாண்டு மே மாதத்தில் மன்னிப்பும் கிடைத்தன. உலகெங்கும் எழுந்த கண்டனமே அவருக்குத் துணையாயிற்று. கொழும்பில் ஆங்கிலத்தில் எழுதியவர்க்கு உலகம் குரல் கொடுத்தது. மல்லாவிச் சந்தியிலே தமிழில் எழுதுபவர்க்கு அக்குரல் எழுமா?

முல்லைத்தீவு மாவட்டத்தின் அனுபவமும் நம்முன் இருக்கிறது. 2020 அக்டோபரில் முறிப்புப் பகுதியில் மரக்கடத்தலைப் பற்றிச் செய்தி திரட்டச் சென்ற தவசீலன், குமணன் ஆகிய இரு செய்தியாளர்கள் தாக்கப்பட்டனர். கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 2024 ஜூலையில் அகழ்வு முடிந்தபோது மீட்கப்பட்டவை 52 பேரின் எச்சங்கள். அக்குழியருகே நாள்தோறும் நின்று உலகுக்குக் காட்டியவர்களில் ஊர்ச் செய்தியாளரே முன்னின்றனர். செம்மணி அகழ்வையும் படம்பிடித்துவந்த குமணன், 2025 ஆகஸ்டில் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவினரால் அளம்பிலுக்கு அழைக்கப்பட்டுப் பல மணிநேரம் விசாரிக்கப்பட்டார். ஆட்சிகள் மாறின, அழைப்பாணையின் வழக்கம் மாறவில்லை.

சட்டம் இரு கைகளாலும் இயங்குகிறது. ஒரு கை தடுக்கிறது. செய்தித்தளங்கள் பதிவுசெய்தல் வேண்டும் என்று 2011 இல் அரசு பணித்தது. மறு ஆண்டு அதற்கு ஒரு இலட்சம் ரூபா கட்டணம் விதிக்கவும் முனைந்தது. ஊர்ச் செய்தியாளர் ஒருவர்க்கு அத்தொகை கதவில் இட்ட பூட்டே அன்றோ? 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, இணையத்தில் எது பொய்க்கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. ஐந்தாண்டு வரை சிறைக்கும் வழிவகுத்தது.

மற்றக் கை திறக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. கேட்பவர் பத்திரிகையாளராய் இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. குடிமகனாய் இருந்தாற் போதும். 14 வேலைநாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்படல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடும், அதன்மேல் ஆணைக்குழுவும் உண்டு. வாய்க்கால் திருத்த எவ்வளவு பணம் வந்தது, எந்தக் காணியை எத்திணைக்களம் எந்த ஆண்டு வர்த்தமானியிற் சேர்த்தது என்று கேட்க அட்டை தேவையில்லை. கடிதம் எழுதும் பொறுமையே தேவை.

அப்பொறுமையின் பயனை அமெரிக்கராகிய ஐ. எஃப். ஸ்டோன் காட்டினார். 1952 இறுதியில் அவர் எழுதிவந்த நாளேடு நின்றது. வேறெவரும் வேலை தராத நிலையில், 1953 ஜனவரியில், ஏறக்குறைய 5,300 சந்தாதாரருடன் நான்கு பக்க வார ஏடொன்றைத் தாமே தொடங்கினார். செவிப்புலன் குன்றிய அவர் பெரிய மனிதர்களின் நேர்முகப் பேச்சை நாடாமல், எவரும் படியாத அரசாங்க அறிக்கைகளை அடிக்குறிப்புவரை படித்தார். 1971 இல் ஏட்டை நிறுத்தியபோது சந்தாதாரர் ஏறத்தாழ 70,000 பேர். நம்மிடையேயும் 1966 இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, இதழ்களைத் தாமே சுமந்து சென்று விற்றுப் பல பத்தாண்டுகள் அதனை நிலைநிறுத்தினார். இருவரையும் தாங்கியது வாசகர் கொடுத்த சிறுகாசு.

இன்றைய தனிச் செய்தியாளர்க்குள்ள பெருங்கேள்வி இதுவே. விளம்பரக் காசு பார்வையாளரின் எண்ணிக்கையைத் தேடுகிறது. எண்ணிக்கையோ பரபரப்பைத் தேடுகிறது. துணுக்காயில் ஒரு குளத்தின் கதையை எத்தனை ஆயிரம் பேர் பார்ப்பர்? புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணம் உதவும். ஆனால் தொலைவிலிருப்போர் கேட்க விரும்பும் கதையும், ஊரிலிருப்போர்க்கு வேண்டிய செய்தியும் எப்போதும் ஒன்றல்ல. அரசும் இயக்கமும் மாறி மாறிப் புகழ்ச்சியை எதிர்பார்த்த மண் வன்னி. 2009 வரை அங்கு அச்சான 'ஈழநாதம்' இயக்கத்தின் குரலாகவே ஒலித்தது. எப்பக்கமும் சாராது எழுதும் பழக்கத்துக்கு அம்மண்ணில் வேர்பிடிக்கக் காலம் வாய்க்கவில்லை. பணம் அனுப்புவோரின் விருப்பமும் ஒரு கட்டளையாகிவிடலாகாது.

மூன்றாவது இழப்பாகிய திருத்தும் கண்ணைப் பற்றி அறிஞர்கள் குறைவாகவே பேசுகின்றனர். எல்லோரையும் எல்லோரும் அறிந்த ஊரில், பிழையான ஒரு பெயர் ஒரு குடும்பத்தின் மானத்தைக் குலைக்கும். திருத்தம் வெளியிட்டாலும் சொல் திரும்பாது. இங்கேதான் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இலக்கிய வட்டத்தினர்க்கும் வேலை இருக்கிறது. ஊரில் எழுதும் ஒருவரின் செய்தியை வெளியாகுமுன் படித்து, எண்ணையும் ஆண்டையும் பெயரையும் சரிபார்க்க இரண்டு ஆசிரியர்கள் முன்வரலாம். தகவல் கோரும் கடிதத்தை மாணவர் எழுதிப் பழகலாம். மாதம் ஒரு சிறுதொகையைப் பத்துக் குடும்பங்கள் சந்தாவாகக் கொடுக்கலாம். அழைப்பாணை வரும் நாளில் அவருடன் கூடச் சென்று வாசலில் நிற்கலாம்.

பத்திரிகை நிறுவனம் பல கைகளாற் செய்த காவலை ஊரே தன் கைகளாற் செய்தல் வேண்டும். செய்யாவிடில் எழுதுபவர் ஒருநாள் களைத்து நிறுத்திவிடுவார். வவுனிக்குளத்து நீரின் கணக்கை அதன்பின் அதிகாரிகள் மட்டுமே அறிவர்.