சைக்கிள் ஓட்ட தனி சட்டை எதற்கு?

விடிகாலையில் கிழக்கு கடற்கரைச் சாலையில் சாரை சாரையாக சைக்கிள்கள். உடம்போடு ஒட்டிய பளபள சட்டைகளைப் பார்த்ததும் புதிதாக சைக்கிள் வாங்கியவருக்கு மயக்கம். 'நமக்கும் ஒண்ணு வேணுமே' என்று பர்சைத் திறந்து விடுகிறார்.

வேண்டியதே இல்லை! திருப்பூர் பாலியஸ்டர் டி-சர்ட் போதும். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். பாலியஸ்டர் சீக்கிரம் காய்ந்து விடும்.

காசு போட வேண்டியது உட்காரும் இடத்துக்கு! தூரம் கூடக் கூட ஜீன்ஸ் தையல் தொடையை உரசிப் புண்ணாக்கி விடும். உள்ளே மெத்தை வைத்துத் தைத்த அரைக்கால் நிஜார் ஒன்று வாங்குவது நல்லது. அதற்குள் ஜட்டி போடக்கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒவ்வொரு முறையும் துவைத்துப் போட வேண்டும். வெளியே போக வெட்கமா? மேலே பழைய டிரவுசரை மாட்டிக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள்?

ஆபீசுக்கு பேண்ட்டில் போகிறவர், வலது காலில் ஒரு ரப்பர் பேண்டு போட்டால் துணி செயினில் மாட்டாது.

கறுப்புச் சட்டை மட்டும் ஆகாது. இருட்டில் லாரி டிரைவர் கண்ணுக்கு ஆளே தெரியாது. பகலுக்கு மஞ்சள், ஆரஞ்சு எடுக்கும். இரவுக்கு, ஹெட்லைட் பட்டால் மின்னும் பட்டை முதுகில் வேண்டும். சட்டையில் மிச்சம் பிடித்த பணம் ஹெல்மெட்டுக்கு ஆகும்.