நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை கல்லூரியில் திணறுவது ஏன்?

பிளஸ்-டூ பரீட்சையில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு! வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடுகிறார்கள். பிள்ளையும் ஆசையோடு கல்லூரியில் கணிதம் எடுத்துப் படிக்கிறான்.

அங்கே "ரியல் அனாலிசிஸ்" என்று ஒரு பாடம் வருகிறது. முதல் பரீட்சையிலேயே மார்க் சரிகிறது. "பையன் கெட்டுப் போய்விட்டானோ?" என்று பெற்றோர் கலங்குகிறார்கள்.

பையன் கெட்டுப் போகவில்லை. கேள்விதான் மாறிவிட்டது! பள்ளிக்கூடத்தில், "விடை என்ன?" என்று கேட்டார்கள். இங்கே, "ஏன் அப்படி?" என்று கேட்கிறார்கள்.

தோசைக் கணக்கு

ஒரு தோசையில் பாதியைத் தின்னுங்கள். பிறகு மீதியில் பாதி. மறுபடியும் மீதியில் பாதி. தோசை ஒருபோதும் தீராது. ஆனால் மீதி குறைந்துகொண்டே வரும். "மீதி ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைய வேண்டும்" என்று ஒருவர் கேட்டால், பத்து முறை தின்றால் போதும். 1,024-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். இன்னும் சிறிதாகக் கேட்டாலும் செய்து காட்டலாம். ஆகவே, தின்றது எல்லாம் சேர்ந்து ஒரு தோசையை நெருங்குகிறது.

இன்னொரு கணக்கு: முதல் நாள் ஒரு தோசை. மறுநாள் அரை. அடுத்த நாள் மூன்றில் ஒரு பங்கு. பிறகு கால், ஐந்தில் ஒரு பங்கு... இதுவும் நாளுக்கு நாள் குறைகிறது. மொத்தம் ஓரிடத்தில் நின்றுவிடும் என்றுதானே தோன்றுகிறது?

நிற்காது! மூன்றில் ஒரு பங்கும் காலும் சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த நான்கு நாள் பங்கும் சேர்ந்தால் அரைக்கு மேல். அதற்கடுத்த எட்டு நாளும் அப்படியே. அரை அரையாகச் சேர்ந்து, ஆயிரம் தோசையையும் ஒருநாள் தாண்டிவிடும்.

கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டையும் காரணம் காட்டிப் பிரிப்பதே அனாலிசிஸ்.

மேதைக்கும் வந்த சோதனை

1913-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்த கணித முடிவுகளைக் கண்டு ஹார்டி வியந்தார். ஆனாலும் நிரூபணங்களை அனுப்பும்படி கேட்டார். முடிவுகளில் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. பகா எண்களைப் பற்றி எழுதியதோ தவறாகப் போயிற்று. மேதைக்கே நிரூபணம் தேவைப்பட்டது!

தி.நகரில் பிறந்த பள்ளி

தியாகராய நகர் என்றால் துணிக்கடையும் நகைக்கடையும்தான் நினைவுக்கு வரும். அங்கேதான் 1989-ல் பேராசிரியர் சி.எஸ்.சேஷாத்ரி ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே சென்னை கணிதவியல் கழகமாக வளர்ந்தது. 1998-ல் பட்டப்படிப்பு தொடங்கியது. 2005-ல் கழகம் சிறுசேரிக்கு இடம் மாறியது. அதன் நுழைவுத் தேர்வில் ஒரு பகுதிக்கு விடை மட்டும் எழுதினால் போதாது. காரணத்தையும் எழுத வேண்டும்.

கல்லூரி திறக்குமுன்...

தயாராவதற்கு வேகம் வேண்டாம், நிதானம் வேண்டும். பள்ளியில் படித்த ஒரு தேற்றத்தை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் "ஏனென்றால்" என்று காரணம் எழுதிப் பழகலாம்.

சொற்களையும் கவனிக்க வேண்டும். "அடையாற்றிலிருந்து புறப்படும் எல்லா பஸ்களும் மயிலாப்பூர் வழியாகப் போகும்" என்று ஒருவர் சொல்கிறார். அதைப் பொய்யாக்க, மயிலாப்பூர் போகாத ஒரே ஒரு பஸ்ஸைக் காட்டினால் போதும். எந்த பஸ்ஸும் போகாது என்று காட்ட வேண்டியதில்லை! "எல்லா" என்பதற்கும் "ஏதோ ஒன்று" என்பதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தில்தான் பல மாணவ-மாணவிகள் சறுக்குகிறார்கள்.

பணச் செலவும் இல்லை. அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் நடத்திய ரியல் அனாலிசிஸ் வகுப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பெற்றோர்களுக்கும் ஒரு வேலை உண்டு. "மார்க் எவ்வளவு?" என்று கேட்குமுன், "ஏன் என்று சொல், பார்க்கலாம்" என்று கேளுங்கள். தோசைக் கணக்கைப் பிள்ளை உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதியைப் பழக்கம் தாண்ட வைக்கும்!