நாம் துஆ கேட்காமல் விட்ட பிள்ளைகள்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, காலாப்பட்டும் கனகசெட்டிக்குளமும் புதுச்சேரி, கனகசெட்டிக்குளத்தைத் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. எல்லை எப்படி மாறினாலும் பேறுகாலத்துக்குப் பெண்கள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்தது என்று சேதி வந்தால் நமக்கு எல்லாம் தெரியும். காதில் பாங்கு சொல்ல ஆள் போகும், ஏழாம் நாள் அகீகாவுக்கு ஆடு பார்ப்போம், பேர் என்ன என்று கேட்டுக் கேட்டு மகிழ்வோம். ஐந்தாம் மாதத்தில் பிள்ளை தவறிவிட்டது என்ற சேதி வந்தால் நாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். அதற்கு மேல் எதுவும் செய்வதில்லை.

அந்தப் பிள்ளை எப்படிப் போகிறது என்று பாருங்கள். சில வீடுகளில் அதன் தாத்தாவும் மோதினாரும் மட்டும் வெள்ளைத் துணியில் சுற்றிய சின்னப் பொட்டலத்தோடு மையவாடிக்குப் போவார்கள். மதிலோரம் ஒரு முழம் குழி, கொஞ்சம் மண், அவ்வளவுதான். மீஸான் கல் கிடையாது. அடுத்த மழைக்குப் பிறகு இடம் தெரியாது. பல வீடுகளில் அதுவும் இல்லை. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பிழைக்கும் பருவத்தை எட்டாத சிசு மனித உடற்கழிவு வகையில் சேரும். மஞ்சள் பையில் போகும். இதை ஆஸ்பத்திரியின் மேல் போட முடியாது. "எங்களிடம் கொடுங்கள், நாங்கள் அடக்கம் செய்துகொள்கிறோம்" என்று குடும்பம்தான் கேட்க வேண்டும். கேட்கலாம் என்பதையே நாம் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை.

மார்க்கம் இதில் மௌனமாக இல்லை. நூற்றி இருபது நாளில் ரூஹ் ஊதப்படுகிறது என்ற ஹதீஸை வைத்து இமாம்கள் நுணுக்கமாகப் பேசியிருக்கிறார்கள். நான்கு மாதம் நிரம்பி உயிரின் அறிகுறி இல்லாமல் பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, அடக்கம் செய்ய வேண்டும், ஜனாஸா தொழுகை இல்லை என்பது ஷாஃபி மத்ஹபின் வலுவான நிலை. ஹனஃபிகள் பிள்ளை குரல் எழுப்பியதா என்று பார்ப்பார்கள். எழுப்பாவிட்டால் தொழுகை இல்லை, ஆனால் பேர் வைத்து, குளிப்பாட்டி, துணியில் சுற்றி அடக்கம் செய்யச் சொல்வார்கள். ஹன்பலிகள் நான்கு மாதம் ஆகிவிட்டால் தொழவும் சொல்கிறார்கள். அபூதாவூதில் முகீரா இப்னு ஷுஅபா அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று, தவறிய பிள்ளைக்காகத் தொழுவதைச் சொல்லிவிட்டு, அதன் தாய்க்கும் தகப்பனுக்கும் மன்னிப்பும் ரஹ்மத்தும் கேட்டு துஆ செய்யச் சொல்கிறது. தொழுகையில் கருத்து வேறுபாடு இருக்கலாம். பெற்றவர்களுக்காக துஆ கேட்பதை எந்த மத்ஹபும் தடுக்கவில்லை. "தொழுகை இல்லை" என்ற ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு "ஒன்றுமே இல்லை" என்று ஆக்கியது நாம்தான்.

பிள்ளையை இழந்த தாயின் தொழுகை என்ன ஆகிறது? இரண்டு மாதக் கரு கலைந்த பெண்ணுக்கு இரத்தம் நிற்கவில்லை. மனித உருவின் தொடக்கம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் சதைத்துண்டு வெளியானாலும் அது நிஃபாஸ் என்பார்கள் ஷாஃபிகள். அதிகபட்சம் 60 நாள். ஹனஃபிகளுக்கு ஏதாவது ஓர் உறுப்பாவது உருவாகியிருந்தால்தான் நிஃபாஸ், அதிகபட்சம் 40 நாள். இல்லாவிட்டால் ஹைளு, இஸ்திஹாளா என்று கணக்கு வேறு. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு பதில். அவள் யாரிடம் கேட்பாள்? கணவனிடம் சொல்வாள். அவன் இஷா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பள்ளிவாசல் திண்ணையில் ஹஜ்ரத்திடம் பாதியை விழுங்கிக் கேட்பான். கேள்வி பாதியாகப் போனால் பதிலும் பாதியாகத்தான் வரும். "நாப்பது நாள் தொழ வேணாம்னு சொல்லிட்டாங்க" என்று வீட்டில் வந்து சொல்வான்.

அந்த நாற்பது நாளும் அல்லாஹ்விடம் பேசுவதற்கே தனக்கு வழியில்லை என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். தொழுகைதான் இல்லை, அதைக் களாச் செய்யவும் வேண்டாம், அது அவளுக்குக் கொடுத்த சலுகை. துஆவுக்குத் தடையில்லை, திக்ருக்கும் ஸலவாத்துக்கும் தடையில்லை. வாழ்க்கையில் துஆ மிகவும் தேவைப்படும் நாட்களில் இந்த ஒரு வரியை அவளிடம் சொல்ல நம்மில் ஆள் இல்லை.

ஆனால் மற்ற வார்த்தைகள் சொல்ல ஆள் இருக்கிறது. "நஸீபு இல்லம்மா." "அல்லா வேற புள்ள தருவான்." "அந்த ஸ்கூட்டர்ல போவாதன்னு அப்பவே சொன்னேன்." "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா?" கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் வலிக்கிறது. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் பால்குடி மாறாத வயதில் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அந்தப் பிள்ளைக்காகத்தான் கிரகணம் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். யாருடைய சாவுக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனுக்கும் சந்திரனுக்கும் கிரகணம் வருவதில்லை என்று, மகனைப் பறிகொடுத்த அந்த நாளிலேயே அவர்கள் சொன்னார்கள். அந்த உம்மத்தில் பிறந்த நாம் பிள்ளையை இழந்தவளிடம் கிரகணக் கணக்குக் கேட்கிறோம். ஆரம்ப மாதங்களில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 2 கோடியே 30 லட்சம் கருச்சிதைவுகள் என்று லான்செட் மருத்துவ இதழ் 2021இல் கணக்கிட்டது. ஸ்கூட்டரும் பப்பாளியும் இதைச் செய்யவில்லை.

சபுர் என்றால் அழாமல் இருப்பது என்று நாம் சொல்லிக்கொடுத்துவிட்டோம். இப்ராஹீமுக்காக நபியவர்கள் கண்ணீர் விட்டார்கள். கண் அழும், நெஞ்சு நோகும், நாவு மட்டும் ரப்பு பொருந்தாததைச் சொல்லாது என்றார்கள். யூசுஃபுக்காக அழுத யஅகூப் நபிக்குக் கண் வெளுத்தே போனது. பேரீச்ச மரத்தடியில் பிரசவ வலியில், இதற்கு முன்பே நான் செத்துப் போயிருக்கக் கூடாதா என்று மர்யம் கதறியதைக் குர்ஆன் மறைக்காமல் வைத்திருக்கிறது. அதற்காக அவரைக் கண்டிக்கவில்லை. கவலைப்படாதே என்ற வார்த்தையும், காலடியில் தண்ணீரும், உலுக்கினால் விழும் பழமும்தான் அவருக்குக் கிடைத்தன. மர்யம் சொன்ன அதே வார்த்தையை நம் வீட்டுப் பெண் சொன்னால், "ஈமான் போயிரும், வாய மூடு" என்கிறோம்.

ஐந்து மாதத்துக்கு மேல் தவறினால் இரண்டு மூன்று நாளில் அவளுக்குப் பால் கட்டும். மார்பு கல்லாகும், துணி நனையும். பார்க்க வந்தவர்கள் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருக்க, அவள் உள்ளறையில் துணி மாற்றிக்கொண்டிருப்பாள். அந்த வலியோடு இருக்கும் ஒருத்தியிடம், பிள்ளைக்கு என்ன பேர் யோசித்திருந்தாய் என்று நாம் கேட்டதில்லை.

28 வாரம் தாண்டி இறந்து பிறந்தால், 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பதிய வேண்டும். கனகசெட்டிக்குளத்தில் நடந்திருந்தால் அடக்கம் எந்த ஊரில் ஆனாலும் பதிவு புதுச்சேரியில்தான். கருச்சிதைவானால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 1961ஆம் ஆண்டிலேயே மகப்பேறு நலச் சட்டம் சொல்லிவிட்டது. அரசாங்கம் ஏதோ ஒரு காகிதத்திலாவது அவளுக்கு இடம் வைத்திருக்கிறது. நம் ஜமாஅத் தஃப்தரில் நிக்காஹ்வுக்குப் பக்கம் இருக்கிறது, சந்தாவுக்குப் பக்கம் இருக்கிறது.

நிஸ்வான் மதரஸாக்களில் ஐந்தாறு வருஷம் ஃபிக்ஹ் ஓதிய ஆலிமாக்கள் இப்போது நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். நிஃபாஸ் சட்டம் அவர்களுக்குத் தெரியும், ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு துஆ கேட்கவும் தெரியும். அவர்களில் ஒருவரைப் பிரசவ வார்டு வரைக்கும் அனுப்பிவைக்க நாம் ஆட்டோ வாடகைகூட ஒதுக்கவில்லை.