கடற்பாசியின் குலமறிதல்

குலசேகரத்தார் ரப்பர் மரத்தை நன்கறிவர். 1876-ஆம் ஆண்டில் விக்காம் என்பவர் பிரேஸிலிலிருந்து கொண்டுபோன சுமார் 70,000 விதைகளுள் முளைத்தவை 3,000-க்கும் குறைவு. ஆசியாவின் தோட்டங்கள் பெரும்பாலும் அச்சிறு கூட்டத்தின் சந்ததிகளே. குலம் குறுகினால் ஒரு நோய்க்கே யாவும் இரையாகக்கூடுமென்பதை நாம் மறத்தலாகாது.

கடற்பாசி வளர்ப்பிலும் இவ்வபாயம் உண்டு. மண்டபத்துக் கரையில் மீனவப் பெண்டிர் வளர்க்கும் கப்பாஃபைகஸ் என்னும் சிவப்புப் பாசி, அயல்நாட்டிலிருந்து வந்த சிறிதளவு வித்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பெருக்கியது. 2013-க்குப்பின் அது பெருவாரியாய் மடிந்தது. நம் குமரிக் கடற்பாறைகளில் தானே வளரும் பழுப்புப் பாசியாகிய கட்டக்கோரையினின்று, ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்தும் ஆல்ஜினேட் எடுக்கப்படுகிறது. அதனையும் நாளை பயிரிடப் புகுவோமாயின், முதலில் அதன் குலமறிதல் நம் கடமையாம்.

குமரியில் விளைவதும் மண்டபத்தில் விளைவதும் ஒரே குலமோ, வேறோ என்று கண்ணால் அறியவியலாது. அலையின் வேகத்துக்கேற்ப ஓரினமே உருமாறும். ஆனால் அதன் டி.என்.ஏ. இழையில் சிறு தொடர்கள் அடுத்தடுத்துத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. அவை எத்தனை முறை வருகின்றன என்பது செடிக்குச் செடி மாறும். இம்மரபுக் குறிகளைக் கொண்டு கூட்டங்களைப் பிரித்தறியலாம். ஜப்பானியர் உண்ணும் வாகாமே என்னும் பழுப்புப் பாசி, ஐரோப்பாவிலும் நியூஸிலாந்திலும் பரவிய வழிகள் வேறுவேறென்று 2005-இல் கண்டதும் மரபணு வேறுபாடுகளை ஒப்பிட்டே.

ஏழைகளின் பசிக்கு முன் இவ்வாராய்ச்சி எதற்கு என்பார் சிலர். அவ்வேழைகளின் பொருட்டே என்போம் நாம். கலந்துவிட்ட குலங்களைப் பின்னர்ப் பிரித்தெடுக்க எவராலும் ஆகாது. ஆதலால் கட்டக்கோரையை ஓரிடத்தினின்று பெயர்த்து மற்றோரிடத்தில் நடுவதற்கு முன், அதன் மரபுக் குறிகளைக் கண்டு கூட்டங்களை வகுத்தல் வேண்டும். உயிர்நூல் பயிலும் நம் மாணாக்கர் இப்பணிக்கு முன்வருவாராக.