விதையா, தண்டா?

தில்லிக்குப் படிக்க வரும் தமிழ் மாணவன் மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டாத சொற்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று புதினா. சந்தையில் 'புதீனா' என்று சற்றே நீட்டிச் சொன்னால் போதும்; கடைக்காரர் ஒரு கட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். பாரசீகத்தில் பிறந்து இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்த சொல் அது. அந்தப் புதினாவை மாணவராகிய நாமே வளர்க்க வேண்டும் என்பதும், அதற்காக விதையைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதும் என் கருத்து.

சந்தையில் கிடைப்பதை ஏன் வளர்க்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்பார்கள். யமுனையைப் பார்த்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். வசீராபாத் அணையைத் தாண்டியதும் நஜாப்கர் சாக்கடை ஆற்றில் விழுகிறது. அங்கிருந்து ஓக்லா வரை உள்ள சுமார் 22 கிலோமீட்டரில் மேலும் பல சாக்கடைகள் வந்து கலக்கின்றன. 2015ஆம் ஆண்டு சனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஆறு தூய்மையாகும் வரை அதன் வெள்ளச் சமவெளியில் உணவுப் பயிர்களை விளைவிக்கக் கூடாது என்று தடை விதித்தது. அசுத்த நீரிலுள்ள உலோக நஞ்சுகள் கீரைகளில் ஏறுகின்றன என்பதே அச்சத்திற்குக் காரணம். இலைமேல் படிந்த மண்ணை நாம் கழுவிவிடலாம். இலைக்குள் ஏறியதைக் கழுவ முடியாது. புதினாவையோ நாம் பெரும்பாலும் பச்சையாகவே அரைத்து உண்கிறோம். நம் கைக்கு வரும் கட்டு எந்த வயலில், எந்த நீரில் வளர்ந்தது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் யாரால் சொல்ல முடியும்?

இதற்காக உழவரைப் பழித்தல் அறமாகாது. ஆற்றைக் கெடுத்தவர் அவரல்லர். இந்நகரில் வாழும் நம் அனைவருடைய கழிவும் அந்த நீரில் கலந்திருக்கிறது.

சரி, வளர்ப்போம் என்று முடிவு செய்தவர் முதலில் செய்வது என்ன? ஒரு விதைப் பொட்டலம் வாங்குவதுதான். என் விடுதியில் மூவர் அவ்வாறு வாங்கினர். சூன் மாத வெயிலில் தொட்டியில் ஓர் அங்குல ஆழத்தில் புதைத்தனர். ஒன்றும் முளைக்கவில்லை. "தில்லி மண் நமக்கு ஒத்துவராது" என்று தீர்ப்பும் கூறிவிட்டனர். மண் என்ன குற்றம் செய்தது? புதினா விதை தூசு போன்றது; ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதை மண்ணின் மேல் தூவி, லேசாக அழுத்தி, நீர் தெளித்து ஈரம் காக்க வேண்டும். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். தில்லியில் அதற்கு ஏற்ற காலம் பிப்ரவரி இறுதியும் மார்ச்சும். தவறினால் மழை ஓய்ந்த பிறகு செப்டம்பர் இறுதியும் அக்டோபரும். முளைக்க இரண்டு வாரம் ஆகலாம். பறித்து அரைக்கப் பல வாரம் ஆகும்.

இத்தனை பாடுபட்டாலும் தாய்ச்செடியின் மணம் பிள்ளைச் செடிக்கு வரும் என்பது உறுதியன்று. புதினா இனங்கள் தமக்குள் எளிதில் கலப்பவை. பெப்பர்மின்ட் என்று நாம் அறிந்த வகையே நீர்ப் புதினாவும் ஈட்டிப் புதினாவும் கலந்து பிறந்தது; அது பெரும்பாலும் மலடு. அதன் விதை என்று ஒருவர் விற்க வந்தால், வாங்குபவர் ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பது நல்லது.

தண்டின் வழி எளிது. முற்றாத, திடமான தண்டு நான்கைத் தேர்ந்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, கணுக்கள் நீரில் மூழ்குமாறு ஒரு தம்ளரில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை நீரை மாற்றுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை வேர் இறங்கும். பிறகு ஆழம் குறைந்த அகலத் தொட்டியில் நட்டு, காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்குமாறு வைத்தால் போதும். பழைய இலைகளை நீக்கிவிடலாம். புதிதாகத் தளிர்ப்பவை நீங்கள் தந்த மண்ணிலும் நீரிலும் விளைந்தவை.

இது சோம்பேறியின் வழியன்று. தேர்ந்த உழவரின் வழி. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் எண்ணெய்க்காகப் பயிராகும் மெந்தால் புதினாவை, உழவர்கள் விதைத்து வளர்ப்பதில்லை. வேர்த்தண்டைக் கொண்டே பயிரிடுகின்றனர். அப்படியானால் விதையால் பயனே இல்லையா? உண்டு. புதிய வகை காண விழையும் ஆராய்ச்சியாளருக்கு விதையே வழி. விதையில்தான் வேறுபாடு பிறக்கிறது. தாவரவியல் பயிலும் நண்பர் விதைக்கட்டும். துவையல் அரைக்க விரும்பும் நண்பர் தண்டை நடட்டும்.

"ஒரு தொட்டிப் புதினாவால் யமுனை தெளிந்துவிடுமா?" என்று ஒருவர் நகைக்கலாம். தெளியாது. ஆனால் ஒரு செடிக்கு நாள்தோறும் நல்ல நீர் தேடி ஊற்றியவன், வயலுக்குப் பாயும் நீர் எத்தகையது என்று கேட்காமல் இருக்கமாட்டான். அந்தக் கேள்வியை நூற்றுவர் கேட்டால் நகரம் செவி சாய்க்கத்தான் வேண்டும்.

நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். புதிய மாணவர்கள் வந்து சேரும் காலம் தில்லியில் மழைக்காலம்; தண்டு எளிதில் வேர் பிடிக்கும் காலமும் அதுவே. இந்த ஆண்டு வரவேற்பு விழாவில், மறுநாளே வாடிவிடும் பூங்கொத்துக்குப் பதிலாக, வேர்விட்ட புதினாத் தண்டு ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுப்போம். படிப்பை முடித்துச் செல்பவர் தம் தொட்டியை அடுத்த அறைக்குத் தந்துவிட்டுச் செல்லட்டும். செலவு மிகச் சிறிது. செய்ய மனம்தான் வேண்டும்.