பெற்றோர்க்கு வாய்ப்பூட்டா?

வயது எழுபதைக் கடந்தவுடன் ஒருவர்க்கு அறிவும் கழன்றுவிடுகிறதென்று நம்மவரிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். தாயை எவர் வீட்டில் வைப்பது, தந்தையை எந்த முதியோர் இல்லத்திற்கு அனுப்புவது என்பவற்றைப் பிள்ளைகள் கூடிப் பேசி முடித்துவிடுகின்றனர். இறுதியிற் பெட்டியைக் கட்டி வைத்து, “அம்மா, புறப்படுங்கள்” என்கின்றனர். இதற்குப் பெயர் அன்பாம்!

நாம் கேட்கிறோம்: விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, அக்கூலியிற் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒரு தாய்க்குத் தாம் உறங்கும் இடத்தைப்பற்றிச் சொல்ல ஒரு சொல்லும் கிடையாதா? தோட்டத்தில் அவருக்காகக் கங்காணி பேசினார், கிராணி பேசினார். வேலை ஓய்ந்ததும் லயத்து வீட்டைக் காலிசெய்யச் சொல்லிற்று நிருவாகம். இன்று பெற்ற மகன் பேசுகிறான். ஆள் மாறியதேயன்றி முறை மாறக் காணோம்.

மருத்துவமனையிற் பாருங்கள். வைத்தியர் கேட்பது நோயாளியை, விடையிறுப்பவர் மருமகன்! மொழி தெரியாதாம். தெரியாவிடிற் பெயர்த்துச் சொல்லட்டும். அவருக்கு மாறாகத் தாமே விடை சொல்ல எவர் அதிகாரம் தந்தார்? காது மந்தமெனின் உரக்கச் சொல்லலாம். மாலையில் மறதி மிகுமெனின் காலையிற் கேட்கலாம்.

சிங்கப்பூரில் 2008இல் இயற்றப்பட்டு 2010இல் நடைமுறைக்கு வந்த மனத்திறன் சட்டமும் இதனையே விதிக்கிறது. திறனில்லை என்று நிலைநாட்டப்படும்வரை ஒவ்வொருவரும் தீர்மானிக்கும் திறனுடையவரே. இயன்ற உதவியெல்லாம் செய்தும் பயனில்லாதபோதன்றி அவரைத் திறனற்றவர் எனல் ஆகாது. விவேகமற்ற முடிவு செய்தார் என்பது மட்டும் திறனின்மைக்குச் சான்றன்று. தமக்குப் பிடிக்காத பதில் வந்தவுடன் “கிழவருக்குப் புத்தி பேதலித்தது” என்னும் புதல்வர்கள் இக்கடைசி விதியை இருமுறை படிப்பார்களாக.

அறிவு தெளிவாயிருக்கையிலேயே தாம் நம்பும் ஒருவரை நியமித்துப் பத்திரம் எழுதிவைக்க, 21 வயது நிரம்பிய எவர்க்கும் அச்சட்டம் வழி செய்கிறது. மலேசியாவிலோ, சாதாரண அதிகாரப் பத்திரம், எழுதியவர் மனத்திறன் இழந்தவுடன் செல்லாதாகிவிடும். அதன்பின் 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டும். ஆகவே காலத்திற் கேட்டுவைப்பது ஆங்கு இன்னும் அவசியம்.

“தனியே இருந்து விழுந்தால் யார் பொறுப்பு?” என்பர். நியாயமான கவலையே. குளியலறையிற் பிடிகம்பி பொருத்துங்கள். அண்டை வீட்டாரிடம் ஒரு சாவி கொடுத்து வையுங்கள். அவ்வளவும் செய்தபின் முதியவரையும் கேளுங்கள். விழும் அபாயத்தை அறிந்தே தம் வீட்டில் இருக்க விரும்புகிறேன் என்றால், அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொன்று. நோய்ப்படுக்கைக்குத் தாளைக் கொண்டுபோய்ப் பெருவிரலிற் மை தடவுகின்றார்களே, அத்தாளில் என்ன எழுதியிருக்கிறதென்று தமிழிற் படித்துக் காட்டியவர் எத்தனை பேர்?